"நம்ம ஜனங்க திருந்தாது" என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள்!



தமிழ்நாட்டில் அதிகமாகச் சொல்லப்படும் வாக்கியம் எது என்று ஒரு போட்டி வைத்தால், "நம்ம ஜனங்க திருந்தவே திருந்தாது" என்பதற்குக் கண்டிப்பாக முதல் மூன்று இடங்களில் ஒன்று கிடைக்கும். டீக்கடையில் சொல்கிறார்கள். பஸ்ஸில் சொல்கிறார்கள். கல்லூரி கேண்டீனில் நாமும் சொல்கிறோம். குறிப்பாக ஏதாவது ஒரு பூங்காவுக்குள் நுழைந்ததும், அங்கே கிடக்கும் தண்ணீர் பாட்டிலையும் சிப்ஸ் கவரையும் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சொல்வார்கள். சொல்லி முடித்த பிறகு, அவர்கள் கையில் இருக்கும் சுண்டல் பொட்டலம் எங்கே போகிறது என்று மட்டும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பத்துக்கு ஏழு பேர் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள். (இது ஆராய்ச்சிக் கணக்கு இல்லை, என் கண் கணக்கு!)

பூங்கா குப்பையாவதற்குக் காரணம் 'விழிப்புணர்வு இல்லை' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குப்பை போடக் கூடாது என்று தெரியாத ஆள் விழுப்புரத்திலும் இல்லை, திண்டிவனத்திலும் இல்லை. எல்லோருக்கும் தெரியும். காரணம் வேறு இரண்டு. ஒன்று, "எல்லோரும் அப்படித்தான்" என்ற எண்ணம். இரண்டு, "அள்ளுவதற்கு யாரோ ஒருத்தர் இருக்கிறார்" என்ற எண்ணம். இந்த இரண்டையும் நாம்தான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் 'தூய்மை' என்று ஓவியப் போட்டி வைத்து என்ன பிரயோஜனம்?

கல்மரமும் சிப்ஸ் கவரும்

திண்டிவனம் என்ற பெயருக்கே புளியங்காடு என்றுதான் அர்த்தம் சொல்கிறார்கள். திந்திருணி என்றால் புளி. காட்டையே பெயரில் வைத்திருக்கும் ஊரில், சாயங்காலம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் அரைமணி நேரம் உட்கார நிழலும் சுத்தமும் சேர்ந்த ஓர் இடம் தேடினால் லேசில் கிடைக்காது. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

அதே பக்கத்தில், வானூர் தாலுகாவில், திருவக்கரை இருக்கிறது. வக்கிரகாளியம்மன் கோவிலுக்குப் பௌர்ணமி தோறும் போகிறவர்களில் எத்தனை பேர் அங்கே உள்ள தேசியக் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்க்கிறார்கள்? ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகக் கிடக்கின்றன. வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலுக்குள் புதைந்து, மரத்தின் நாரெல்லாம் இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிகா ஏறிக் கல்லாகிப்போன மரங்கள். சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781லேயே இவற்றைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். 247 ஏக்கர் நிலம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பு. உலகத்தில் வேறொரு நாட்டில் இருந்தால் டிக்கெட் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று பார்ப்போம். நம் மாவட்டத்தில் இருப்பதால் "அங்க என்ன இருக்கு, கல்லுதான் இருக்கு" என்கிறோம்.

இதே மாதிரி ஒரு கல்மரப் பூங்கா அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் உண்டு. அங்கே வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டு கல்மரத்தைப் பையில் போட்டுக்கொண்டு போவது பெரிய தலைவலி. ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் அங்கே ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். 2003ல் அதைப் பற்றிக் கட்டுரையும் வந்தது. அடையாளம் வைத்த கல்மரத் துண்டுகளைப் பாதை ஓரத்தில் போட்டுவிட்டு, இரண்டு விதமான அறிவிப்புப் பலகைகளை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒன்றில், "இதற்கு முன் வந்த பலர் எடுத்துப் போனதால் இந்தக் காடே மாறிப்போனது" என்ற பொருளில் எழுதியிருந்தது. இன்னொன்றில், "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று மட்டும் இருந்தது. "எடுக்காதீர்கள்" பலகை இருந்தபோது திருடு போனது 1.67 சதவீதம். "பலர் எடுத்துப் போனார்கள்" என்று புலம்பிய பலகை இருந்தபோது 7.92 சதவீதம்!

ஆக, "எல்லோரும் திருடுகிறார்கள்" என்று வருத்தப்பட்டுச் சொன்னாலும், கேட்பவன் காதில் விழுவது "ஓஹோ, எல்லோரும் எடுக்கிறார்களா, அப்போ நானும் எடுக்கலாம்" என்பதுதான். "நம்ம ஜனங்க திருந்தாது" என்ற நம் புலம்பலும் அந்தப் பலகையைப் போன்றதுதான் நண்பர்களே. அப்பா வாயால் இதைத் தினமும் கேட்டு வளரும் ஆறு வயதுப் பையன் என்ன கற்றுக்கொள்வான்? குப்பை போடுவதுதான் ஊர் வழக்கம், போடாதவன்தான் விதிவிலக்கு என்று கற்றுக்கொள்வான்.

அதே சியால்டினி குழு 1990ல் வெளியிட்ட இன்னொரு சோதனையும் உண்டு. கார் நிறுத்தும் இடத்தில், கார்க் கண்ணாடியில் ஒரு நோட்டீசைச் செருகி வைத்தார்கள். தரை சுத்தமாக இருந்தபோது அந்த நோட்டீசைக் கீழே போட்டவர்கள் 14 சதவீதம். தரையில் ஏற்கெனவே குப்பை கிடந்தபோது 32 சதவீதம். அதே ஊர், அதே நோட்டீஸ். தரை மட்டும்தான் வேறு. அதாவது, நாலு பலகையை விட ஒரு சுத்தமான தரை நன்றாகப் பாடம் நடத்தும்.

வாசற்படிக்கு அந்தப் பக்கம்

நம் அம்மாக்களை விடச் சுத்தம் பார்க்கும் ஆட்கள் உலகத்தில் உண்டா? விடிவதற்கு முன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள். செருப்பை வீட்டுக்குள் விடுவதில்லை. எச்சில் தட்டு ஒரு நிமிடம் கிடந்தால் பொறுக்காது. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று பழமொழி வைத்திருக்கும் ஊர் இது. அப்படி இருக்க, பெருக்கிய குப்பை எங்கே போகிறது? வாசலைத் தாண்டித் தெருவுக்கு. தெருவிலிருந்து வாய்க்காலுக்கு. நம் சுத்தம் வாசற்படியோடு முடிந்துவிடுகிறது. படிக்கு இந்தப் பக்கம் 'நம்முடையது', அந்தப் பக்கம் 'கவர்மென்ட்டுடையது'.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தை பிஸ்கட் தின்று முடிக்கிறது. கவரை என்ன செய்வது என்று தெரியாமல் அம்மாவைப் பார்க்கிறது. "ச்சீ, கையில வெச்சிருக்காத, அழுக்கு, வெளிய போடு" என்று அம்மாவே வாங்கி ஜன்னல் வழியாக வீசுகிறார். விக்கிரவாண்டி வருவதற்குள் பாடம் முடிந்துவிட்டது! அந்தக் குழந்தைக்கு இயல்பாக அந்தக் கவரைக் கையில் வைத்திருக்கத் தோன்றியது. நாம்தான் அதைக் கெடுத்தோம். அம்மா கெட்டவர் இல்லை. தன் பிள்ளையும் தன் சீட்டும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். ஆனால் 'சுத்தம்' என்றால் அழுக்கை நம்மிடமிருந்து வேறொருவர் பக்கம் தள்ளுவது என்றுதான் அந்தக் குழந்தை புரிந்துகொள்கிறது.

சரி, அந்த 'வேறொருவர்' யார்? இங்கேதான் எல்லோரும் பேச்சை மாற்றுவார்கள். குப்பை அள்ளுவதும் சாக்கடை தள்ளுவதும் இன்ன சாதிக்காரர் வேலை என்று பல நூறு வருடம் வைத்திருந்த சமூகம் இது. 2020ல் 'துப்புரவுப் பணியாளர்' என்பதைத் 'தூய்மைப் பணியாளர்' என்று அரசு மாற்றியது. நல்லதுதான். பெயர் மாறியது, பார்வை மாறியதா? பூங்காவில் பெருக்கிக்கொண்டிருக்கும் அம்மாவை நம் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? தண்ணீர் கேட்டால் எந்த டம்ளரில் கொடுக்கிறோம்? அவர் பெருக்கி முடித்த இடத்திலேயே கடலைத் தோலை உதிர்க்கும்போது நமக்குக் கூச்சம் வராததற்குக் காரணம், "அது அவங்க வேலைதானே" என்ற நினைப்பு. இந்த நினைப்பு இருக்கும் வரை ஆயிரம் குப்பைத்தொட்டி வைத்தாலும் பூங்கா சுத்தமாகாது.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது என்ன?

நாம் படித்த பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். வகுப்பில் யார் குப்பை பொறுக்குவார்கள்? லேட்டாக வந்தவன். வீட்டுப்பாடம் செய்யாதவன். பேசியவன். அதாவது, குப்பை பொறுக்குவது தண்டனை! தப்பு செய்தவன்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று பத்து வருடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, பதினோராவது வருடம் தூய்மை ஊர்வலத்தில் கையில் பலகையைக் கொடுத்துக் கோஷம் போடச் சொல்கிறார்கள். ஊர்வலம் முடிந்த பிறகு அந்த ரோட்டில் எத்தனை தண்ணீர் பாக்கெட் கிடக்கிறது என்று யாராவது எண்ணியதுண்டா?

இதை விட மோசமும் உண்டு. 2022ல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் பட்டியல் சமூகப் பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவ வைத்ததாகப் புகார் எழுந்து, தலைமை ஆசிரியை கைது செய்யப்பட்டார். எனவே "பள்ளியில் பிள்ளைகளைச் சுத்தம் செய்யச் சொல்லலாம்" என்று யாராவது சொன்னால் பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. யாருடைய பிள்ளை கையில் துடைப்பம் போகும் என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும்.

ஆனால் அதற்காக எந்தப் பிள்ளையும் துடைப்பத்தைத் தொடக் கூடாது என்று விட்டுவிடலாமா? கூடாது. எல்லாப் பிள்ளையும் தொட வேண்டும் என்பதுதான் சரியான பதில். கலெக்டர் பிள்ளையும், கவுன்சிலர் பிள்ளையும், கூலித் தொழிலாளி பிள்ளையும் ஒரே வரிசையில், சுழற்சி முறையில். கூடவே வாத்தியாரும். ஜப்பான் பள்ளிகளில் தினமும் பிள்ளைகளே தங்கள் வகுப்பையும் வராந்தாவையும் பெருக்கித் துடைக்கிறார்கள். அங்கே அது தண்டனை இல்லை, கால அட்டவணையில் ஒரு பகுதி. 2018ல் ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தில் பெல்ஜியத்திடம் 3-2 என்று தோற்று வெளியேறிய அன்றும், ஜப்பான் ரசிகர்கள் பையை எடுத்துக் காலரியில் கிடந்த குப்பையைப் பொறுக்கிவிட்டுத்தான் போனார்கள். தோற்ற துக்கத்திலும் கை தானாகப் போகிறது என்றால் அது உபதேசத்தில் வந்தது இல்லை, பழக்கத்தில் வந்தது.

"சிங்கப்பூர் மாதிரி அபராதம் போட்டால்தான்..."

அடுத்து எல்லோரும் சொல்லும் பதில் இதுதான். சரி, சிங்கப்பூருக்கே போவோம். 1968ல் லீ குவான் யூ அங்கே 'சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அபராதம் இருந்தது. 1992ல் குப்பை போட்டவர்களையே பொது இடத்தில் பெருக்க வைக்கும் சட்டமும் வந்தது. இவ்வளவுக்கும் பிறகு 2016ல் அந்த நாட்டுக் கல்வி அமைச்சு என்ன முடிவெடுத்தது தெரியுமா? எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்கள் தினமும் சுத்தம் செய்யும் வழக்கம் வர வேண்டும் என்று! கிட்டத்தட்ட ஐம்பது வருடம் அபராதம் போட்ட நாடே, அபராதம் மட்டும் பிள்ளைகளுக்குப் பழக்கத்தைக் கற்றுத் தராது என்று புரிந்துகொண்டது. நாம் இன்னும் அபராதத்திலேயே நிற்கிறோம்.

நம் ஊரில் சட்டத்துக்கா பஞ்சம்? 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை'. ஆனாலும் கவர் இல்லாத கடை எத்தனை? சட்டம் மட்டும் போதாது, அதைச் சுலபமாக்கும் ஏற்பாடும் வேண்டும்.

அப்படி ஏற்பாடு செய்தால் ஜனங்கள் திருந்துவார்களா என்று கேட்கிறீர்களா? நீலகிரியைப் பாருங்கள். 2022ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, அங்கே டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். காட்டிலும் ஓடையிலும் உடைந்து கிடந்த பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்கே திரும்பி வரத் தொடங்கியது. உபதேசம் இல்லை, ஊர்வலம் இல்லை. 'குடி'மக்களே திருந்தும்போது மற்ற குடிமக்கள் திருந்த மாட்டார்களா?

"வரி கட்டுகிறோம், நகராட்சி செய்யட்டும்"

இதில் பாதி உண்மை. நகராட்சி செய்ய வேண்டியதை நகராட்சிதான் செய்ய வேண்டும். நிரம்பி வழியும் தொட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "குப்பையைத் தொட்டியில் போடு" என்று பிள்ளையிடம் சொன்னால், பிள்ளை நம்மைத்தான் முட்டாள் என்று நினைக்கும். தொட்டி இருக்க வேண்டும், மூடி இருக்க வேண்டும், தினமும் காலியாக வேண்டும். பெருக்குகிறவர்களுக்குக் கையுறையும் ஒழுங்கான சம்பளமும் கிடைக்க வேண்டும். பூட்டாத கழிப்பறை வேண்டும்.

அதற்கும் முன்னால், பூங்கா என்று ஓர் இடம் இருக்க வேண்டும்! பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தாயிற்று. பெரிய மனைப்பிரிவு போடும்போது சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதம் பொது இடமாக ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நெடுஞ்சாலையின் இரு பக்கமும் கலர் கல் நட்டு பிளாட் விற்கும் நகர்களின் வரைபடத்தில் 'பூங்கா' என்று பச்சையில் ஒரு கட்டம் இருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் அங்கே வேலிக்காத்தான் முள்ளும் கட்டட இடிபாடும்தான் இருக்கும். கேட்க வேண்டியது யார்? அங்கே வீடு கட்டிக் குடியிருக்கும் நாம்தான். வரி கட்டுகிறோம் என்று சொல்கிறவர்கள் இதைக் கேட்டு ஒரு மனுவாவது எழுதியிருக்கிறோமா?

மீதிப் பாதி நம்முடையது. இதை வெறும் அழகு விஷயம் என்று நினைக்காதீர்கள். 2024 டிசம்பர் 1ஆம் தேதி காலை வரை 24 மணி நேரத்தில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழையைக் கொட்டியது. அவ்வளவு மழையை எந்த வாய்க்காலும் தாங்காது, உண்மைதான். ஆனால் மழை நின்ற பிறகு வடிய வேண்டிய தண்ணீர், கவரும் தெர்மாகோலும் அடைத்த வாய்க்காலில் எப்படி வடியும்? பூங்கா புல்லில் நாம் விட்டுப்போகும் ஒரு டீக்கப்பில் தேங்கும் மழைத்தண்ணீர் போதும், டெங்கு கொசு முட்டையிட. ஏறத்தாழ பத்து நாளில் அது கொசுவாகப் பறக்கும். அது கடிக்கப் போவது கப்பைப் போட்டவனை இல்லை; சாயங்காலம் அங்கே ஊஞ்சல் ஆட வரும் குழந்தையை.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். என்னைக் கேட்டால் நாலு விஷயம்தான்.

1. பள்ளியில் தினமும் பத்து நிமிடம். எல்லா மாணவரும், எல்லா ஆசிரியரும், பெயர்ப் பட்டியல் சுவரில் ஒட்டி, சுழற்சி முறையில். வகுப்பறை, வராந்தா, விளையாட்டுத் திடல் மட்டும். கழிவறைக்குச் சம்பளம் வாங்கும் பணியாளரும் உபகரணமும் அரசு தர வேண்டும். 'தண்டனையாகக் குப்பை பொறுக்கு' என்பதை அடியோடு நிறுத்த வேண்டும்.

2. பூங்கா வாசலில் சுண்டல், ஐஸ், பஜ்ஜி விற்பவர்கள் ஆளுக்கொரு பக்கெட் வைக்கட்டும். தின்று முடிக்கும் இடத்திலேயே தொட்டி இருந்தால் கவர் புல்லுக்குப் போகாது. அவர்களை விரட்டுவது தீர்வு இல்லை. அது அவர்கள் பிழைப்பு.

3. காலையில் நடைப்பயிற்சி வரும் பெரியவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து மாதம் ஒரு நாள் சுத்தம் செய்யலாம். கேமரா வேண்டாம், பேனர் வேண்டாம். முக்கியமாக, அன்று பெருக்கும் பணியாளருக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, வேலையை அவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். எதை எப்படிப் பிரிப்பது என்று நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

4. வீட்டில்: பிள்ளையின் கையில் இருக்கும் கவரைப் பிடுங்கி எறியாதீர்கள். பையில் ஓர் ஓரத்தை அதற்கு ஒதுக்குங்கள். வீடு வரை அது வரட்டும். பிள்ளைக்கு நீங்கள் எதுவுமே சொல்ல வேண்டியதில்லை.

இதைச் செய்தால் நாளைக்கே விழுப்புரமும் திண்டிவனமும் சொர்க்கம் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "திருந்தாது" என்று தீர்ப்புச் சொல்கிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த 'ஜனங்க' யார்? நீங்கள் அதில் சேர்த்தியா இல்லையா? சேர்த்தி என்றால் முதலில் நீங்கள் திருந்தலாம், யாரும் தடுக்கவில்லை. சேர்த்தி இல்லை என்றால், உங்களைப் போல ஒழுங்கானவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் ஊருக்கு நல்லது.

சும்மா புலம்புவது மட்டும் வேண்டாம். அதுவும் ஒரு வகைக் குப்பைதான்.